பழைய ஜீப், ஜிப்சி, தார்: கேட்டவர்களுக்குப் பதில்

பொள்ளாச்சியில் மலை வண்டிகளுக்கு வேலை பார்க்கிறேன். முதலில் ஒன்று: பேரைப் பார்த்து விலை பேசாதீர்கள், வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்.

கோபி: இரண்டாண்டு ஓடிய மஹிந்திரா தார் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமாங்க?

நான்கு சக்கர இழுவை உள்ளதா? 2023 ஜனவரியில் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள தாரும் வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கியருக்குப் பக்கத்தில் இன்னொரு குச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) மூடித் திருகைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். எண்ணெய் பால் காபி நிறத்தில் இருந்தால் வண்டி ஆற்றில் நின்றிருக்கிறது.

வால்பாறை: எஸ்டேட் வேலைக்கு மாருதி ஜிப்சியா, பழைய டீசல் ஜீப்பா?

ஜிப்சி 1985-இல் 970 சிசியில் வந்தது. 1996-இல் 1298 சிசி ஆனது. ஏறத்தாழ 1,000 கிலோதான், சேற்றில் புதையாது. இப்போது புதிது வருவதில்லை. பந்தயம் ஓட்டுகிறவர்களும் தேடுவதால் விலை இறங்க மறுக்கிறது. ஆனால் பெட்ரோல் குடிக்கும். பாரம் ஏற்றி 40 கொண்டை ஊசி வளைவு தினமும் ஏறுகிறவருக்கு டீசல் ஜீப்தான். டிராக்டர் மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார். சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், துரு உள்ளதா என்று சுத்தியலால் தட்டிக் கேளுங்கள்.

ஈரோடு: அண்ணா, ஜிப்சி வாங்கலாமா?

மேலே படியுங்கள் தம்பி.

நாமக்கல்: ஜிப்சியைக் குறைத்துப் பேசுகிறீர்கள். கொல்லிமலையின் 70 வளைவையும் என் வண்டி மூச்சுவாங்காமல் ஏறுகிறது.

பாரமில்லாமல் ஏறும். பின்னால் எட்டு மூட்டை மிளகு வைத்து ஏற்றிவிட்டு வாருங்கள், பேசலாம்.

நாமக்கல்: மிளகுக்குப் பிக்கப் இருக்கிறது. உங்கள் ஜீப்பில் போனால் முதுகுக்கு வைத்தியர் வேண்டும்.

அது உண்மை. ஒத்துக்கொள்கிறேன்.

அவிநாசி: பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள். ஆர்சி புத்தகத்தில் பெட்ரோல் என்றே இருக்கிறது.

தொடாதீர்கள். ஆர்சியில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

தாராபுரம்: மாருதி ஜிம்னி ஐந்து வருடம் கழித்து என்ன விலைக்குப் போகும்?

வாங்கும் முன்பே விற்கிற கணக்கா? ஸ்விஃப்ட் வாங்குங்கள்.

திருப்பூர்: ஜிப்சி...

மேலே.

கோபி: விரலை விட்டுப் பார்த்தேன், பால் காபிதான். நல்ல எண்ணெய் அப்படித்தான் இருக்கும் என்கிறார் விற்பவர்.

டீ வாங்கிக் கொடுத்தால் குடித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.