பிள்ளை பெற்றவளும் சோப்புத் தண்ணீரும்: வாசகர் கேள்வி-பதில்

கே: குழந்தையைத் தூக்குவதற்கு முன் சானிடைசர் போட்டால் போதாதா? (மன்னார்குடி வாசகி)

ப: கையில் அழுக்கு இல்லையென்றால் போதும். குழந்தையின் துணி மாற்றிய பிறகு சோப்பும் தண்ணீரும்தான். சானிடைசர் நன்றாகக் காய்ந்த பிறகே குழந்தையைத் தொடுங்கள்.

கே: எங்கள் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைப்பதே இல்லை. (வேதாரண்யம்)

ப: நுரைக்காவிட்டால் பரவாயில்லை, தேய்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல் என்று 20 நொடி தேயுங்கள். கழுவிய கையை முந்தானையில் துடைக்காதீர்கள்.

கே: பிரசவமாகி ஒன்பது நாள். பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் ஜன்னி வரும் என்று அம்மாயி விடுவதில்லை. ஈரத்துணியால் துடைத்துக்கொள்கிறேன். போதுமா? (பாபநாசம்)

ப: போதாது. இதே கேள்வி எத்தனை கடிதங்களில் வந்துவிட்டது! படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. தீட்டு என்று அறையில் ஒதுக்கிவிடுகிறார்கள், குழாயோ கொல்லையில் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து முறை பால் கொடுப்பவள் பத்து முறை கொல்லைக்குப் போய் வருவாளா? நடுராத்திரியில் துணி மாற்றிய கையோடுதான் பிள்ளையை மார்பில் போடுகிறாள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கண்ணு பட்டுவிட்டது என்கிறார்கள்.

பிரசவக் காய்ச்சல் கிருமியால் வருவது, குளிர்ந்த தண்ணீரால் அல்ல. 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவம் பார்ப்பவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். சில மாதங்களிலேயே தாய்மார்களின் சாவு மளமளவென்று குறைந்தது. தெற்கு நேபாளத்தில் 20,000-க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், கை கழுவிய தாய்மார்களின் குழந்தைகளிடம் இறப்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறைவாக இருந்தது.

அம்மாயியோடு சண்டை வேண்டாம், வெந்நீர் கேளுங்கள். குழாய் வைத்த பிளாஸ்டிக் டிரம், கீழே ஒரு பேசின், சோப்பு, காய்ந்த துண்டு எல்லாம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வாங்கித் தருவது வீட்டுக்காரர் பொறுப்பு. துணி மாற்றியதும், கழிவறை போய் வந்ததும், பால் கொடுக்கும் முன்பும் கழுவுங்கள். மார்புக்குச் சோப்பு வேண்டாம், காம்பு வெடிக்கும். முந்தானையில் துடைப்பதும் வேண்டாம்.

கே: குறுவை நடவுக்குப் போய்வந்த கையோடு மாமியார் பேரனைத் தூக்குகிறார். சொன்னால் முகம் சுண்டிவிடுகிறது. (திருத்துறைப்பூண்டி)

ப: உங்கள் கணவர் சொல்லட்டும். வாசல் குழாயடியில் சோப்பு வையுங்கள். முழங்கைவரை கழுவி, நகத்தில் ஒட்டிய சேற்றை எடுத்து, சேலையும் மாற்றிய பிறகு ஆசை தீரக் கொஞ்சட்டும். முத்தம் மட்டும் வேண்டாம்.

கே: தொப்புளில் மஞ்சளா, விளக்கெண்ணெயா? (கொரடாச்சேரி)

ப: இரண்டும் வேண்டாம். ஈரமில்லாமல் காயவிடுங்கள், கொடி தானே விழும். சீழ், நாற்றம், சுற்றிலும் சிவப்பு தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

கே: குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை. என்ன மருந்து? (ஊர் இல்லை)

ப: எத்தனை நாள் குழந்தை? எடை என்ன? காய்ச்சல் உண்டா? ஒன்றுமே எழுதாமல் மருந்து கேட்டால் எப்படிச் சொல்வது? 28 நாளுக்கு உட்பட்ட குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.