நாட்டிங்ஹாமில் 'டக்' என்று கூப்பிட்டால் கோபப்பட வேண்டுமா?

தங்கச்சி, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமுக்கு வந்ததிலிருந்து பஸ் டிரைவர் 'டக்', அதாவது வாத்து, என்கிறார், கடையில் 'லவ்' என்கிறார்கள், பெண் என்பதால் இளக்காரமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. அதே டிரைவர் உங்களுக்குப் பின்னால் ஏறுகிற ஆண்களையும் 'மீ டக்' (என் வாத்தே) என்றுதான் சொல்வார், கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். உள்ளூரில் சிலர் இது பிரபுவைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனால் 400 வருடங்களுக்கு முன்பே ஷேக்ஸ்பியரின் ஒரு நாடகத்தில் காதலன் தன் காதலியை 'டக்' என்று விளிக்கிறான், அவ்வளவு பழைய செல்லம் இது.

ஊர் மாறினால் சொல்லும் மாறும். நியூகாசிலில் 'பெட்', 'ஹின்னி'. ஹின்னி என்பது தேனைக் குறிக்கும் 'ஹனி'தான், அந்தப் பக்கத்து உச்சரிப்பில். பெட் ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் வீட்டில் செல்லமாக வளர்த்த பிராணிக்குச் சொன்னது, பிறகு மனிதர்களுக்கும் வந்தது. கிளாஸ்கோ போனால் 'ஹென்', அதாவது கோழி! அது பெண்களுக்கு மட்டும், ஆனால் அன்பாகத்தான் சொல்கிறார்கள். கிழக்கு லண்டனில் 'ட்ரீக்கிள்' (சர்க்கரைப் பாகு) என்பார்கள், 'ட்ரீக்கிள் டார்ட்' 'ஸ்வீட்ஹார்ட்'டோடு எதுகையாக ஒலிப்பதால் வந்த பெயர்.

'பேர்ட்' (பறவை) மட்டும் எனக்குப் பிடிக்காது. இளம்பெண்ணைக் குறிக்க 'பர்ட்' என்றொரு பழைய ஆங்கிலச் சொல் இருந்தது, அது பறவையோடு கலந்துவிட்டது என்பார்கள். வேர் எதுவானாலும் இன்று ஆண்கள் தங்களுக்குள் பெண்களைப் பற்றிப் பேசும் சொல் அது, செல்லம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

வேலையிடம் வேறு கதை. ஆண்களைப் பெயர் சொல்லி அழைக்கிற மேலாளர் உங்களை மட்டும் மீட்டிங்கில் 'டார்லிங்' என்றால் அதில் உள்ளூர் வழக்கம் எதுவும் இல்லை. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில், பாலினம் தொடர்பான விரும்பாத நடத்தை உங்கள் கண்ணியத்தைக் குலைத்தால் அது தொந்தரவாகக் கருதப்படலாம், அவர் என்ன எண்ணத்தில் சொன்னார் என்பது மட்டுமே கணக்கு இல்லை. முதலில் 'என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்' என்று நேராகச் சொல்லுங்கள், பயப்பட வேண்டாம், இங்கே அப்படிக் கேட்பது சாதாரணம். அப்புறமும் நிற்கவில்லை என்றால் தேதி போட்டுக் குறித்துவைத்து எச்ஆரிடம் எழுத்தில் கொடுங்கள்.