கேள்வி பதில்: பிளட் அகர் தட்டில் வளையம் ஏன் மாறுகிறது?

தொண்டையில் துடைத்தெடுத்த ஸ்வாப்பை, ரத்தம் கலந்த கிருமி வளர்ப்பு ஜெல்லியான பிளட் அகரில் போட்டால், லூப் (கோடு இழுக்கும் கம்பி) ஆழமாக இறங்கிய இடத்தில் மட்டும் வளையம் பளிச்சென்று வெளுத்திருக்கிறது. மேலே வளர்ந்த காலனிகளை, அதாவது கிருமித் திட்டுகளைச் சுற்றி ஒன்றும் தெரியவில்லை. ஒரே கிருமிதானே?
– ஆய்வகத் தொழில்நுட்ப மாணவி, நாமக்கல்

ஒரே கிருமிதான், அது சுரக்கும் நச்சு இரண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் கிருமி ஸ்ட்ரெப்டோலைசின் எஸ், ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என இரண்டு நச்சுகளைச் சுரக்கிறது. எஸ் காற்றுக்கு அஞ்சாது, அகரின் மேற்பரப்பிலேயே சிவப்பணுவை உடைக்கும். ஓ அப்படியில்லை. ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும். அது வேலை செய்யும் விதமே தனி: சிவப்பணுச் சவ்வில் உள்ள கொலஸ்ட்ராலைப் பற்றிக்கொள்ளும், பல மூலக்கூறுகள் வட்டமாகக் கைகோத்துச் சவ்வில் ஓட்டை போடும். தண்ணீர் உள்ளே புக, அணு ஊதி வெடிக்கும்.

இந்தக் கிருமியின் சில திரிபுகள் (உள்வகைகள்) எஸ் நச்சைச் சுரப்பதே இல்லை. உங்கள் தட்டில் வளர்ந்தது அப்படிப்பட்டதாக இருக்கலாம். லூப் கீறிய பள்ளத்துக்குள் ஆக்சிஜன் குறைவு, அதனால் அங்கே ஓ தன் வேலையைக் காட்டியிருக்கிறது. ஆகவே கோடு இழுத்து முடித்ததும், லூப்பை அகருக்குள் சாய்வாக இரண்டு மூன்று இடத்தில் குத்தி எடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு நொடி வேலை. அதைச் செய்யாததால் தவறவிட்ட தொண்டைக் கிருமி பிறகு இதயத்தைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலாக வந்து நிற்கக்கூடும்.

பார்க்கும் முறையும் முக்கியம். தட்டை மேசையில் வைத்தபடி குனிந்து பார்க்காதீர்கள். மூடியைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். பீட்டா வளையத்தின், அதாவது சிவப்பணு முழுதும் உடைந்து வெளுத்த வளையத்தின் பின்னால் செய்தித்தாளை வைத்தால் எழுத்தைப் படிக்க முடியும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே போன்றவற்றின் வளையம் மிகக் குறுகலானது, காலனிக்கு அடியிலேயே ஒளிந்திருக்கும். லூப்பால் காலனியை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தைப் பாருங்கள்.

ரத்த வங்கியில் காலாவதியான ரத்தம் எளிதாகக் கிடைக்கிறது. அதில் பிளட் அகர் செய்யலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

வேண்டாம். பல இடங்களில் செய்கிறார்கள் என்பது தெரியும், ஆனாலும் வேண்டாம். கொடையாளியின் ரத்தத்தில் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ-வுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் நச்சு முடங்கும், வளையம் வராது. கொடையாளி விழுங்கிய ஆன்டிபயாடிக் கொஞ்சம் தங்கியிருந்தால் கிருமியே வளராது. பையில் உள்ள உறைதடுப்பான் சிட்ரேட்டும் குளுக்கோசும் தனித் தொல்லை: குளுக்கோஸ் அமிலமாக மாறி, பீட்டா வளையத்தை மங்கலாகவோ பச்சையாகவோ காட்டும். ஊற்றுபவருக்குத் தொற்று அபாயமும் உண்டு.

செம்மறியாட்டு ரத்தத்தைக் கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் பிடித்து, ஃபைப்ரின் (ரத்தத்தை உறையவைக்கும் நார்) மணிகளில் திரளும்வரை இடைவிடாமல் சுழற்றுங்கள். உறைதடுப்பான் தேவையில்லை. 95 மில்லி அடிப்படை அகருக்கு 5 மில்லி ரத்தம். அகரை 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமிநீக்கம்) செய்து, 45 முதல் 50 டிகிரிக்கு ஆறவிட்ட பிறகே ரத்தம் சேர்க்க வேண்டும். அதற்கு முன் ரத்தத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லாவிட்டால் அகர் கட்டி கட்டியாக உறையும். சூடு கூடினால் தட்டு சாக்லேட் நிறமாகும். அதில் ஹீமோலைசிஸ் (சிவப்பணு உடைதல்) பார்க்கவே முடியாது. குலுக்கினால் குமிழி வரும், மெல்லச் சுழற்றினால் போதும்.

அடிப்படை அகரில் 0.5 சதவீத உப்பு இல்லையென்றால் சிவப்பணுக்கள் தாமாகவே வெடித்து, தட்டு முழுவதும் கண்ணாடிபோல் செர்ரிச் சிவப்பாகும். ஃபிரீசரில் உறைந்துபோன ரத்தத்திலும் இதே கதிதான். 90 மி.மீ. தட்டுக்கு 20 மில்லி சரியான அளவு. மெல்லியதாக ஊற்றினால் பச்சை நிற ஆல்பா வளையம்கூட பீட்டா போலத் தோன்றும், தடிமனானால் குறுகிய வளையம் மறைந்துபோகும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு தட்டில் ஏடிசிசி 19615 (தரப்படுத்திய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ்) கிருமியைப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றைப் பயன்படுத்துங்கள்.

நிமோனியா கிருமியைச் சுற்றி வரும் பச்சை, சிவப்பணு பாதி உடைந்ததற்கு அடையாளமா?
– வாசகர், மதுரை

ஹீமோலைசிஸை ஆல்பா, பீட்டா, காமா என்று 1919-இல் நுண்ணுயிரியலாளர் பிரவுன் வகுத்ததிலிருந்து ஆல்பாவை 'அரைகுறை உடைப்பு' என்றே பாடத்தில் சொல்லிவருகிறோம். அந்தப் பச்சைக்கு முக்கியக் காரணம் வேறு. கிருமி வெளிவிடும் ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபினாகவும் பிற பச்சைநிறப் பொருள்களாகவும் மாற்றுகிறது. வளையத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பல சிவப்பணுக்களின் உருவம் கலையாமல் இருக்கும். பெராக்சைடு உண்டாக ஆக்சிஜன் வேண்டும். அதே கிருமியை ஆக்சிஜன் இல்லாத ஜாரில் வளர்த்தால் பச்சை வராது; அதன் நிமோலைசின் நச்சு உண்மையாகவே அணுக்களை உடைத்து, பீட்டா போன்ற வளையம் தரும்.

பச்சையை மட்டும் நம்பி நிமோகாக்கஸ் (நிமோனியா கிருமி) என்று எழுதிவிடாதீர்கள். வாயில் சாதாரணமாக இருக்கும் விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளும் பச்சைதான். 6 மி.மீ. ஆப்டோசின் (நிமோகாக்கஸைத் தடுக்கும் மருந்து) டிஸ்க் வைத்து, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் வளர்த்து, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை டிஸ்க்கையும் சேர்த்து அளந்தால் 14 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பித்த உப்பில் கரைகிறதா என்று பாருங்கள்.