ஹைபிரிட் காருக்கு அடியில போற கூலன்ட் பைப் நசுங்கி ஒழுகுது, முழுசா மாத்தித்தான் ஆகணுமா?

எந்த எடத்துல அடிபட்டிருக்குங்கறதப் பொறுத்தது. நேரா ஓடுற எடத்துல நசுங்கியிருந்தா மாத்த வேண்டியதில்ல. நீங்க கேக்கற விதத்தப் பாத்தா, சர்வீஸ் சென்டர்ல ‘ஹைபிரிட் சார், கை வைக்கக் கூடாது, முழு செட்டாத்தான் மாத்தணும்’னு பெரிய எஸ்டிமேட் கொடுத்திருப்பாங்கன்னு தோணுது. எனக்கும் அதேதான் சொன்னாங்க.

என் வண்டியில பேட்டரி பின்சீட்டுக்கு அடியில இருக்கு, அதக் குளிர வைக்கிற ரெண்டு அலுமினிய பைப் முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் வண்டிக்கு அடியிலயே ஓடும். என்ஜின் கூலன்ட் வேற, இது வேற, இதுக்குன்னு தனியா ஒரு சின்ன டேங்க். அத யாரும் பாக்கறதில்ல, நானும் பாக்கல. ஒரு நாள் காலைல டிரைவர் சீட்டுக்கு நேர் கீழ உள்ளங்கை அளவு ஈரம், ஏசி தண்ணியா இருக்கும்னு விரல வச்சா வழவழன்னு இருந்துச்சு. படுத்து டார்ச் அடிச்சுப் பாத்தேன். பைப் ஒரு எடத்துல தட்டையா அமுங்கி, அந்த மடிப்புல மயிரிழை மாதிரி விரிசல், சுத்தி வெள்ளையாப் பூத்திருக்கு. பைப்ப மறைக்கிற பிளாஸ்டிக் தட்டு ஒரு பக்கம் தொங்குது, பாதி கிளிப்பக் காணோம். கல்லு அடிச்சதுன்னு சொன்னாங்க. கல்லு இல்லைங்க, சர்வீஸ்ல வண்டியத் தூக்குற லிஃப்ட் கையோட ரப்பர் தடம் பக்கத்துத் தகட்டுல அப்படியே பதிஞ்சிருந்துச்சு.

கடைசில ஹைபிரிட் வேலை தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணன் செஞ்சு கொடுத்தார். பைப்ப ஒட்டியே அதிக வோல்டேஜ் கரன்ட் போற ஆரஞ்சு கலர் கேபிள் போகுது, அதனால முதல்ல பேட்டரி இணைப்பத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கக் கழட்டிட்டு, கெபாசிட்டர்ல மிச்சமிருக்கற கரன்ட் இறங்க பத்து நிமிஷம் காத்திருந்தார், இத வீட்ல நாமளே செய்யலாம்னு தயவுசெஞ்சு நெனைக்காதீங்க. நசுங்கின துண்ட டியூப் கட்டர்ல வெட்டினார், ரம்பம் போட்டா அலுமினியத் தூள் உள்ள போயி பம்பையும் பேட்டரியக் குளிர வைக்கிற பிளேட்டையும் அடைச்சிரும். வெட்டின ரெண்டு முனையிலயும் லேசா வளையம் எழுப்பி, கூலன்ட்டுக்குன்னே வர்ற ஹோஸ மாட்டி, வளையத்துக்குப் பின்னாடி கிளாம்ப் போட்டார். அப்புறம் மேனுவல்ல சொன்ன அதே கூலன்ட், குழாத்தண்ணி ஒரு சொட்டு கூட கலக்கல, வண்டி கம்ப்யூட்டரோட இணைக்கிற ஸ்கேனர்ல பம்ப ஓடவிட்டு காத்து முழுசா எடுத்து, பிரஷர் டெஸ்ட் பண்ணினதுல ஒரு கிளாம்ப்ல லேசா கசிஞ்சுது, அத மறுபடி இறுக்கினார்.

இது ஒட்டு வேலைன்னு சில பேர் சண்டைக்கு வருவாங்க. கம்பெனியிலேயே அந்த பைப்போட முனையில ரப்பர் ஹோஸ்தாங்க இருக்கு! எம்சீல் அப்புறதும் லீக் அடைக்கிற மருந்த ஊத்துறதும்தான் ஒட்டு வேலை, சூட்டுலயும் அதிர்வுலயும் அது நிக்காது. ஆனா விரிசல் வளைவுல இருந்தாலோ, பேட்டரிக்குள்ள நுழையற ஜாயின்ட்கிட்ட இருந்தாலோ மாத்திடுங்க, அதுல நான் வாதாட மாட்டேன்.

பாதுகாப்புக்கு, முதல்ல அந்தத் தட்ட எல்லா கிளிப்போடவும் திரும்ப மாட்டுங்க, இத விட்டா மத்ததெல்லாம் வீண். அலுமினியம் இரும்புப் பிராக்கெட்ல நேரா உரசுனா ஈரம் பட்டுப் பட்டு அரிச்சிரும், ரப்பர் வச்ச கிளிப் போடுங்க. பைப்பு முழுக்க டேப்போ ரப்பரோ சுத்தாதீங்க, சேறு உள்ள புகுந்து காயாம நின்னு தின்னுரும். மெல்லிசா மெழுகு ஸ்பிரே போதும், சைலன்சர் மேல படாம.

லிஃப்ட் கை மறுபடி பைப்ல படாம இருக்க, ஜாக்கி வைக்கற எடத்துக்குப் பக்கத்துல நான் வெள்ளை பெயிண்ட்ல குறி போட்டிருக்கேன், லிஃப்ட்ல ஏத்துறப்ப கூடவே நிப்பேன்.

பைப்பு வேலை முடிஞ்சு பதினாலு மாசம் ஆச்சு. அந்தச் சின்ன டேங்க்ல அன்னைக்கு மார்க்கர்ல ஒரு கோடு போட்டேன், இன்னைக்குக் காலைல பாத்தப்பவும் கூலன்ட் அந்தக் கோட்டுலயேதான் நிக்குது.