சன்னிங், டொய்சான், தைஷான்: ஓர் ஊர்ப்பெயர் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: தென்சீனாவைப் பற்றிய பழைய ஆங்கில நூல்களில் ‘சன்னிங்’ என்ற கவுண்டி (நிர்வாகப் பிரிவு) வருகிறது. வரைபடத்தில் காணோமே?

பதில்: ஊர் அங்கேயேதான் இருக்கிறது, குவாங்டங் மாகாணத்தின் தென்கரையில். 1499இல், மிங் ஆட்சியில் உருவானபோது அதன் பெயர் ஷின்னிங். குவாங்டங் பக்கத்துச் சீன மொழியான கான்டோனீஸின் உச்சரிப்பைக் காதில் வாங்கி ஆங்கிலத்தில் எழுதினால் சன்னிங். ஹூனான் மாகாணத்திலும் ஒரு ஷின்னிங் இருந்தது. குழப்பம் தீர 1914இல் இதைத் தைஷான் ஆக்கினார்கள். ஆனால் சியாட்டிலில் பொருளீட்டித் திரும்பிய சின் கீ ஹீ 1906இல் போடத் தொடங்கிய ரயில்பாதை, பெயர் மாறிய பிறகும் சன்னிங் ரயில்வே என்றே ஓடியது. 1853இல் சான் பிரான்சிஸ்கோவில் இவ்வூரார் அமைத்த நிங் யுங் சங்கத்திலும் பழைய பெயரின் வாலான ‘நிங்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே, சன்னிங் என்று கண்டவுடன் ஆவணம் 1914க்கு முந்தையது என்று முடிவுகட்டாதீர்கள்.

கேள்வி: சீனர்களின் புனித மலையான தைஷான் இதுதானே?

பதில்: இல்லை. அந்த மலை வடக்கே ஷாண்டங் மாகாணத்தில். ‘தை’ என்ற எழுத்தும் வேறு, தொனியும் வேறு: ஊருக்கு ஏறும், மலைக்கு இறங்கும். தொனிக்குறி இல்லாத ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. சீன எழுத்தைப் பாருங்கள்.

கேள்வி: டொய்சான் என்பது வெள்ளைக்காரர்கள் சிதைத்த வடிவம். தைஷான்தான் சரி.

பதில்: இதை மட்டும் விட மாட்டேன். டொய்சான் கான்டோனீஸ் வடிவம், சிதைவு அல்ல. தைஷான் வடக்கத்தி மாண்டரின் ஒலி; சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுத 1958இல் ஏற்கப்பட்ட பின்யின் முறையில் எழுதப்படுவது.

கேள்வி (இன்னொருவர்): அப்படியானால் இரண்டுமே வெளியூர்ப் பேச்சு. ஊர்க்காரர் ஹொய்சான் என்கிறார்களே?

பதில்: நல்ல அடி! கான்டோனீஸில் மூச்சோடு வரும் ‘ட’ அவர்கள் வாயில் ‘ஹ’ ஆகிவிடும். அமெரிக்காவில் பிறந்த பேரப்பிள்ளைகள் பலர் இப்போது தங்கள் மொழியை ஹொய்சான்வா என்றே ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். வரைபடத்துக்குத் தைஷான், குடும்ப வரலாற்றில் அந்தக் குடும்பம் எழுதியபடியே விடுங்கள்.

கேள்வி: இப்போதும் கவுண்டிதானா?

பதில்: 1992 முதல் நகரம். நிர்வாகம் ஜியாங்மென் என்ற பெரிய நகரத்தின் கீழ்.

கேள்வி: தைஷான் மலை ஏற எத்தனை படிகள்?

பதில்: இரண்டாம் பதிலைப் படித்துவிட்டு, ஷாண்டங் போய் எண்ணுங்கள்.