காணி உறுதிய எடுத்து வையுங்க அக்கா, பிள்ளைக்கு வேற படிப்பு இருக்கு

போன கிழமை களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு அம்மாவும் அப்பாவும் மகளக் கூட்டிட்டு, மேல என்ன படிக்கலாம் எண்டு கேட்டு என்னட்ட வந்தாங்க. ஏஎல் பயோ, ரெண்டாம் தரம் எழுதி ஒரு பி, ரெண்டு சி. அம்மா வந்து இருந்த கையோட ஒரு பொலித்தீன் பைய மேசையில வச்சா, உள்ளுக்குள்ள படுவான்கரையில இருக்கிற வயல்ட காணி உறுதி. பங்களாதேஷுக்கு மெடிசின் படிக்க அனுப்ப ஏஜென்சிக்காரர் கேட்ட காசுக்கு அத ஈடு வைக்கலாமோ எண்டு கேக்கத்தான் வந்திருக்காங்க. லண்டன் மாமா ஒவ்வொரு நாளும் கோல் எடுத்து "நம்மட குடும்பத்தில ஒரு டொக்டராவது வேணும்" எண்டு சொல்றாராம்.

கவலப்படாதீங்க, பாப்பம் எண்டுதான் நானும் தொடங்கினன். பிறகு மகளப் பாத்தன், அவ ஒரு வார்த்த கதைக்கல்ல. அதுக்குப் பிறகு எனக்கு ஆறுதல் சொல்ல மனம் வரல்ல.

அக்கா, வயல ஈடு வைக்க வேணாம். ஏஜென்சி சொல்றது முதல் கட்டுற காசு மட்டும்தான், அஞ்சு வருஷமும் டொலர்லதான் கட்டணும், ரூபா விழ விழ உங்கட கடன் ஏறும், முடிச்சிட்டு வந்தாலும், வெளிநாட்டில மெடிசின் படிச்சவங்களுக்கு வைக்கிற ஈஆர்பிஎம் சோதனை பாஸ் பண்ணாம இங்க டொக்டரா வேல செய்ய ஏலாது. அந்தக் கடனக் கட்டப்போறது மாமா இல்ல, நீங்க. மூணாம் தரம் எழுதச் சொல்லியும் பிள்ளைய வருத்தாதீங்க. நர்சிங், எம்எல்டி (ஆஸ்பத்திரி லாப் வேலைக்கான படிப்பு) எல்லாம் உங்களுக்கே தெரியும், அத விடுவம்.

பிள்ளைக்கிட்ட என்ன விருப்பம் எண்டு கேட்டன். கனநேரம் யோசிச்சிட்டு மெல்லமா சொன்னா, "அம்மம்மா மல்லி வேர்க்கொம்ப அவிச்சுத் தருவா, கீழ்காநெல்லிய மட்டும் பச்சையா அரைச்சுத்தான் தருவா. அவிச்சா உள்ளுக்க இருக்கிற சாமான் பழுதாப் போகுமோ சேர்?"

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்திட்டு. இதே கேள்விதான் சீனாவில தூ யூயூ எண்ட அம்மாவுக்கும் வந்தது. மலேரியாவுக்கு மருந்து தேடி ஒரு மூலிகையத் திரும்பத் திரும்பச் சோதிச்சும் ஒழுங்கான முடிவு வரல்ல. 1,600 வருஷப் பழைய ஒரு வைத்தியப் புத்தகத்தில, தண்ணியில ஊறப்போட்டுப் பிழிஞ்சு சாறக் குடி எண்டிருந்தத வாசிச்சிட்டு, ஏன் அவிக்கச் சொல்லல்ல எண்டு யோசிச்சாங்க. சூட்டக் குறைச்சு, 35 பாகையிலயே கொதிக்கிற ஈதர் எண்ட திரவத்தில சாறு இறக்கினாங்க, 1971ல எலிகளில மலேரியாக் கிருமி முழுக்க இல்லாமப் போச்சு, அடுத்த வருஷம் ஆட்டிமிசினின் எண்ட பதார்த்தத்தையே தனியாப் பிரிச்செடுத்தாங்க. 2015ல மருத்துவத்துக்கான நோபல் பரிசு. அவங்க டொக்டர் இல்ல அக்கா, பார்மசி படிச்சவங்க.

அப்ப இது நாட்டு வைத்தியமோ எண்டு அப்பா கேட்டார். இல்ல அண்ணன். சித்த வைத்தியராக திருகோணமலையில படிக்கலாம், அது வேற. இது, இலையில எந்தப் பதார்த்தம் வேல செய்யுது எண்டு தேடிப் பிடிக்கிற வேல. இலைய நிழல்ல காயவச்சு, பொடியாக்கி, மெதனோல் எண்ட மதுசாரத்தில ஊறவச்சு வடிப்பாங்க. ரோட்டரி எவாப்பரேற்றர் எண்ட மெஷின்ல அமுக்கத்தக் குறைச்சு, பெரிசா சூடில்லாம மெதனோலப் பறக்க விட்டா கடும் பச்சையா, பிசுபிசுப்பா ஒரு சாறு அடியில நிக்கும். அதில 6 மில்லிமீற்றர் கடதாசி வட்டத்தத் தோய்ச்சு, கிருமி பூசின தட்டில வச்சு, 37 பாகையில ஒரு இரவு விட்டுட்டு காலம திறந்து பாத்தா, வட்டத்தச் சுத்தி கிருமி வளராத வெளி தெரியும். அந்த வெளிய அடிமட்டம் வச்சு அளக்கணும். நல்லா வந்தாலும் மருந்து கிடைச்சிட்டு எண்டில்ல, தட்டில கிருமியக் கொல்றது உடம்பில நஞ்சாவும் இருக்கலாம், சாற கூறு கூறாப் பிரிச்சு ஒவ்வொண்டயும் திரும்பச் சோதிக்கணும். வருஷக் கணக்கில பொறுமை வேணும்.

நம்மட முத்தத்து பட்டிப்பூவையே பாருங்க. சீனி வருத்தத்துக்கு நல்லம் எண்டு சொன்னத கனடாவில சோதிச்சாங்க, சீனி குறையல்ல, வெண்குருதிக்கலம்தான் குறைஞ்சுது. அந்த வழியால போய்த்தான் 1958ல வின்பிளாஸ்டின் எண்ட புற்றுநோய் மருந்தப் பிரிச்சாங்க, அதே செடியில இருந்து வந்த வின்கிறிஸ்டின்தான் இண்டைக்கும் இரத்தப் புற்றுநோய் வந்த சின்னப் பிள்ளைகளுக்கு ஏத்துற மருந்து. (அதுக்காக பட்டிப்பூ இலைய அவிச்சுக் குடிச்சிராதீங்க, நஞ்சு.) சீனி வருத்தத்துக்குக் குடிக்கிற நம்மட நாட்டு கொத்தல ஹிம்புட்டுக் கொடியில இருந்து சலசினோல் எண்ட பதார்த்தத்தப் பிரிச்சு 1997ல வெளியிட்டது ஜப்பான்காரர். இது எனக்குப் பெரிய மனவருத்தம். வாவிக்கரையில தில்லை மரம் நிக்குது, பால் கண்ணில பட்டா பார்வையே போகலாம், அதுக்குள்ள என்னெல்லாம் இருக்கு எண்டு பாக்க நம்மட பிள்ளைகள் வேணாமா?

வழி இதுதான். வந்தாறுமூலை கம்பஸ்ல விஞ்ஞான பீடம், இல்லாட்டி சம்மாந்துறையில தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திட பிரயோக விஞ்ஞான பீடம், கம்பஸுக்கு விண்ணப்பிக்கிற யூஜிசி போர்ம்ல உயிரியல் விஞ்ஞானத்த மேல போடுங்க. படிப்புக்குக் காசு கட்டத் தேவையில்ல, வீட்டில இருந்தே போய் வரலாம். தாவரவியல் விருப்பம் எண்டு கெமிஸ்ட்ரிய மட்டும் விட்டுராத மகள், கெமிஸ்ட்ரி இல்லாம இந்த வேல நடக்காது. நாலு வருஷ சிறப்புப் பட்டம் எடுத்தா பேராதனையிலயோ, கண்டி ஹந்தானையில இருக்கிற அடிப்படை ஆய்வு நிறுவகத்திலயோ மேல படிக்க முயற்சி பண்ணலாம், ஜப்பான் அரசாங்கத்திட புலமைப்பரிசிலும் இருக்கு. பிஎச்டிக்கு உங்களுக்கிட்ட காசு கேக்கிற இடத்துக்கு போகவே வேணாம், உதவித்தொக தந்து கூப்பிடுற இடத்துக்குத்தான் போகணும்.

டொக்டர் அளவு சம்பளம் வரும் எண்டு நான் பொய் சொல்ல மாட்டன். மருந்துக் கொம்பனி லாப், தரக்கட்டுப்பாடு, விரிவுரையாளர், இந்த மாதிரி வேலைகள்தான், தொடக்கத்தில கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும்.

யூஜிசி போர்ம் நிரப்புற அண்டைக்கு திரும்ப வாங்க. தெரிவு வரிசைய பிள்ள அவட கையாலயே எழுதட்டும். காணி உறுதிய அலுமாரியில வச்சுப் பூட்டிட்டு வாங்க அக்கா.