எரிமலைப் பாறைக்குள் இருக்கும் குகையைச் சுத்தியலால் தட்டிக் கண்டுபிடிக்க முடியுமா?

சைஸ்மிக் சர்வே (தரையைத் தட்டி, அதிர்வலை ஓடும் விதத்தை அளப்பது) எடுத்தால் எரிமலைப் பாறைக்கடியில் இருக்கும் குகை ஸ்கேன் எடுத்த மாதிரி தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய குகை, அதிக ஆழமில்லை என்றால் தடம் கிடைக்கும். ஸ்கேன் மாதிரியெல்லாம் தெரியாது. சில வருடம் இந்த வேலையில் சுத்தியல் தூக்கியவன் என்பதால் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் காரைக்குடி. போன மாதம் வளவில் ஆத்தங்குடிக் கல் மாற்றினோம். கொத்தனார் கரண்டிக் காம்பால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே வந்தார், டக்கென்று கேட்டால் தாண்டிவிடுவார், டொப்பென்று கேட்டால் "தம்பி, இதுக்கடியில கலவை சேரல" என்று சாக்பீஸில் வட்டம் போட்டுவிடுவார். அடிப்படை இதேதான். தரையின் அதிர்வைப் பதிவுசெய்யும் ஜியோஃபோன் 24-ஐ வரிசையாகக் குத்தி வைத்து, இரும்புத் தகட்டில் சுத்தியலால் ஓங்கி அடிப்போம். லாரி போனால் நிறுத்திவிட்டு மறுபடி அடிக்க வேண்டும், ஒரே இடத்தில் ஐந்தாறு அடி.

லாவா இறுகி உண்டான பசால்ட் பாறையில் அதிர்வலை விநாடிக்கு 5000 மீட்டர் ஓடும், காற்றில் சுமார் 340 தான். அதனால் குகையைச் சுற்றிக்கொண்டு வரும் அலை கொஞ்சம் தாமதிக்கும், தரையோடு ஓடும் அலை அந்த இடத்தில் நலியும். ஆனால் 50 ஹெர்ட்ஸில் அலைநீளமே 100 மீட்டர். மூன்று மீட்டர்க் குகை அதற்கு எம்மாத்திரம்? போதாக்குறைக்கு லாவா ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய்ந்து இறுகியது, நடுவில் சல்லி மாதிரி நொறுங்கிய அடுக்கும், பாறைக்குள்ளேயே குமிழிகளும் இருக்கும், அவையும் அதே தாமதத்தைத் தரும். அலை விலகி வரும் நேரத்தை அளக்கும் அலைவிலகல் முறை இன்னும் மோசம், கீழே போகப்போக வேகம் கூடினால்தான் அது சரிவரும், குகையிலோ வேகம் குறைகிறது. அதனால் தரையோடு ஓடும் அலையை அளக்கும் மேற்பரப்பு அலை முறையோடு ஈர்ப்பு அளவீடும், பாறை காய்ந்திருந்தால் தரை ரேடாரும் சேர்த்துப் பாருங்கள், மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால் துளை போடலாம். நிலவின் மாரியஸ் குன்றுகளில் 2009-ல் தெரியவந்த, லாவாக் குகையின் கூரைத் துளை என்று கருதப்படும் குழிகூட ஜப்பானின் ககுயா விண்கலம் எடுத்த படத்தில் சிக்கியதுதான், சுத்தியலில் அல்ல.

அப்புறம், எங்கள் பக்கம் செம்புறாங்கல் பூமி, லாவாக் குகைக்கு வேலையில்லை. கொத்தனார் வட்டம் போட்ட நாலு கல்லைப் பெயர்த்தோம், ஒன்றில் கலவை நிறைவாகத்தான் இருந்தது.